இசட்கேஷ்: 2018 ஆம் ஆண்டின் இரு வரலாறுகள்

இசட்கேஷ் என்பது பிளாக்செயின் தொழில்நுட்பத்தில் இயங்கும் ஒரு மறையீட்டு நாணயம் ஆகும். அனுப்பியவர் யார், பெற்றவர் யார், தொகை எவ்வளவு என்ற மூன்றையும் மறைத்துக்கொண்டே, பரிவர்த்தனை முறையானதுதான் என்று நிறுவிக் காட்டுவது இதன் தனித்தன்மை. 2016 அக்டோபர் 28 அன்று இது இயங்கத் தொடங்கியது. இதன் வரலாற்றில் 2018 ஒரு திருப்புமுனை ஆண்டு. அந்த ஆண்டின் இறுதியில் பின்னோக்கிப் பார்த்தவர்களுக்கு அது தொடர் வெற்றிகளின் ஆண்டாகத் தெரிந்தது. இரண்டு பெரிய மேம்பாடுகள் நிறைவேறின. பெயர்பெற்ற பரிமாற்றகங்கள் நாணயத்தை ஏற்றுக்கொண்டன. மறைவுப் பரிவர்த்தனைக்கு ஆகும் நேரம் பல மடங்கு குறைந்தது. ஆனால் 2019 பிப்ரவரியில் வெளியான ஓர் அறிக்கை, அதே ஆண்டுக்கு இன்னொரு வரலாறும் இருந்ததைக் காட்டியது. எவர் கண்ணிலும் படாமல் கள்ள நாணயம் உருவாக்க வழிவிடும் பிழை ஒன்று தொடக்கம் முதலே இசட்கேஷில் இருந்தது. 2018 இன் பெரும்பகுதியில் அதை அறிந்திருந்தவர்கள் நான்கு பேர் மட்டுமே.

இக்கட்டுரை அவ்விரு வரலாறுகளையும் சேர்த்து விளக்குகிறது. கணக்கை மறைக்கும் ஒரு பணத்தில், கணக்கு சரியாக இருக்கிறது என்பதை யார், எப்படிச் சரிபார்ப்பது என்பதே இரண்டுக்கும் பொதுவான கேள்வி.

பின்னணி: திறந்த பேரேடு

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் எழுதியவர் 2008 இல் முன்வைத்து, 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயின், வங்கி போன்ற நடுவர் இல்லாத பணத்தை நோக்கமாகக் கொண்டது. நடுவர் இல்லாதபோது ஒரே காசை ஒருவர் இரண்டு முறை செலவழிக்காமல் தடுப்பது எப்படி? எல்லாப் பரிவர்த்தனைகளையும் எல்லோருக்கும் தெரியும்படி ஒரே பேரேட்டில் எழுதிவைப்பதே பிட்காயின் கண்ட தீர்வு. அப்பேரேட்டின் படியை வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணுவும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரவையும் செலவையும் தானே கூட்டிச் சரிபார்க்கிறது.

இந்தத் திறந்த தன்மை எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை 2010 ஆகஸ்ட் 15 அன்று நடந்த நிகழ்வு காட்டியது. அன்று பிட்காயின் மென்பொருளில் இருந்த எண்கணிதப் பிழை ஒன்றைப் பயன்படுத்தி, 74,638 ஆம் கட்டத்தில் எவரோ 18,400 கோடிக்கும் மேற்பட்ட பிட்காயின்களை உருவாக்கினர். மொத்தமே 2.1 கோடிதான் இருக்க முடியும் என்று வரையறுக்கப்பட்ட நாணயம் அது. தொகை பேரேட்டில் வெளிப்படையாக இருந்ததால் விரைவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. சில மணி நேரத்தில் திருத்தம் வெளியாகி, அந்தக் கட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் அதே திறந்த தன்மை தனியுரிமைக்கு எதிரானது. பிட்காயின் முகவரியில் பெயர் இருக்காது. எனினும் ஒரு முகவரி யாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைப் பின்தொடர முடியும். சாரா மெய்க்கில்ஜானும் உடன் ஆய்வாளர்களும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, தனித்தனி முகவரிகளை ஒரே உரிமையாளரின் கீழ்த் தொகுத்து, பெரிய சேவை நிறுவனங்களை அடையாளம் காண முடியும் என்று காட்டியது. ஒருவரது சம்பளம், மருத்துவச் செலவு, நன்கொடை ஆகிய எல்லாமே ஊர் நடுவில் ஒட்டப்பட்ட கணக்குத் தாளாகிவிடும் நிலை இது.

பூஜ்ய அறிவுச் சான்று

இந்த முரணுக்குத் தீர்வாக வந்தது, பிளாக்செயினுக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு முந்தைய ஒரு கணிதக் கருத்து. ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்லஸ் ராக்கஃப் ஆகிய மூவரும் 1985 இல் பூஜ்ய அறிவுச் சான்று என்ற கருத்தை அறிமுகப்படுத்தினர். ஒரு கூற்று உண்மை என்பதை, அந்த உண்மையைத் தவிர வேறு எதையும் வெளிவிடாமல் நிறுவுவதே இது.

ஓர் எளிய எடுத்துக்காட்டு: பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மாம்பழங்களை மணத்தைக் கொண்டே பிரித்தறிய முடியும் என்கிறார் ஒருவர். நண்பருக்கு நம்பிக்கை இல்லை. நண்பர் பழங்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மாற்றியோ மாற்றாமலோ மீண்டும் நீட்டுகிறார். மாற்றினாரா இல்லையா என்பதை அவர் சொல்ல வேண்டும். ஊகத்தால் ஒருமுறை சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதி. தொடர்ந்து 20 முறை சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகமாக இருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. நண்பர் நம்பிவிடுகிறார்; ஆனால் எந்தப் பழத்துக்கு என்ன மணம் என்பதை அவர் அறிந்துகொள்ளவில்லை.

நாணயத்துக்கு இதைப் பொருத்தினால், "என்னிடம் இந்தத் தொகை இருக்கிறது, இதை முன்பு செலவழிக்கவில்லை, வரவும் செலவும் சமம்" என்ற மூன்றையும் தொகையைச் சொல்லாமலே நிறுவலாம். இதற்குக் கேள்வியும் பதிலுமாக நீளும் உரையாடல் ஒத்துவராது. சில நூறு பைட்டு அளவில், யாரும் எப்போதும் விரைவாகச் சரிபார்க்கத்தக்க ஒரே சான்று வேண்டும். இவ்வகைச் சுருக்கச் சான்றுகள் 'ஸ்னார்க்' என்ற பெயரில் அறியப்படுகின்றன.

ஆய்வுக்கட்டுரையிலிருந்து நாணயம் வரை

2013 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் மையர்ஸ், கிறிஸ்டினா கார்மன், மேத்யூ கிரீன், அவீயெல் ரூபின் ஆகியோர் 'ஜீரோகாயின்' என்ற திட்டத்தை வெளியிட்டனர். பிட்காயினோடு இணைத்து, காசின் முன்வரலாற்றைத் துண்டிப்பது அதன் நோக்கம். தொகையை அது மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு கார்மன், கிரீன், மையர்ஸ் ஆகியோருடன் ஏலி பென்-சாசோன், அலெசாண்ட்ரோ கியேசா, எரான் ட்ரோமர், மடார்ஸ் விர்சா ஆகியோர் சேர்ந்து 'ஜீரோகேஷ்' திட்டத்தை முன்வைத்தனர். இது தொகையையும் பெறுநரையும் சேர்த்தே மறைத்தது. சான்றுகளும் மிகச் சிறியவை. ஜூகோ வில்காக்ஸ் தலைமையிலான நிறுவனம் இதை நடைமுறை நாணயமாக்கியது. அதுவே இசட்கேஷ்.

பிட்காயினைப் போலவே இசட்கேஷுக்கும் மொத்த வரம்பு 2.1 கோடி. முதல் நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கும் வெகுமதியில் 20 விழுக்காடு நிறுவனர்கள், முதலீட்டாளர்கள், பணியாளர்கள் முதலியோருக்குச் சென்றது. முகவரிகள் இரு வகை: பிட்காயினைப் போல எல்லாம் தெரியும் திறந்த முகவரி; சான்றுகளால் மறைக்கப்பட்ட கவச முகவரி. பயனர் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். கவச முகவரிகளில் உள்ள பணம் அனைத்தும் சேர்ந்து கவசத் தொகுப்பு எனப்படும்.

தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் இருந்தது. இவ்வகைச் சான்றுகள் வேலை செய்ய, எல்லோருக்கும் பொதுவான சில அளவுருக்களை முன்கூட்டியே உருவாக்க வேண்டும். அவற்றை உருவாக்கும்போது பயன்படும் இரகசிய எண்கள் பின்னர் அழிக்கப்பட்டாக வேண்டும். அவை யார் கையிலாவது சிக்கினால், இல்லாத பணத்துக்குப் பொய்ச் சான்று செய்துவிடலாம். இந்த எண்களை உருவாக்குநர்கள் நச்சுக் கழிவு என்றே அழைத்தனர். 2016 அக்டோபரில் வெவ்வேறு இடங்களில் இருந்த ஆறு பேர் இரகசியத்தின் ஆளுக்கொரு பங்கை உருவாக்கி, பயன்படுத்தி, அழித்தனர். இந்நிகழ்வு 'சடங்கு' எனப்பட்டது. ஆறு பேரில் ஒருவர் நேர்மையாகத் தன் பங்கை அழித்திருந்தாலும் போதும், மற்ற ஐவர் கூடியும் மோசடி செய்ய முடியாது. ஜான் டோபர்டின் என்ற புனைபெயரில் அதில் பங்கேற்றவர் எட்வர்டு ஸ்னோடன் என்பது 2022 இல்தான் வெளியானது.

2018: வெளியே தெரிந்த முன்னேற்றம்

'ஸ்ப்ரவுட்', அதாவது முளை, என்று பெயரிடப்பட்ட முதல் பதிப்பில் கவசப் பரிவர்த்தனை செய்வது எளிதாக இல்லை. ஒரு சான்றை உருவாக்கக் கணினிக்குச் சுமார் 40 நொடியும் 3 ஜிகாபைட்டுக்கும் மேற்பட்ட நினைவகமும் தேவைப்பட்டன. கைப்பேசியில் அதைச் செய்யவே முடியாது. எனவே தனியுரிமைக்காக உருவான நாணயத்தில் பெரும்பாலான பரிவர்த்தனைகள் திறந்த முகவரிகளுக்கு இடையிலேயே நடந்தன.

இதை மாற்றுவதற்கான 'சாப்லிங்', அதாவது இளங்கன்று, என்ற மேம்பாட்டுக்கான பணி முன்பே தொடங்கியிருந்தது. ஷான் போவ் 2017 இல் வடிவமைத்த பிஎல்எஸ்12-381 என்ற நீள்வட்ட வளைகோடும், ஜென்ஸ் குரோத் 2016 இல் வெளியிட்ட திறன்மிக்க சான்று முறையும் அதன் அடித்தளம். புதிய முறைக்குப் புதிய அளவுருக்களும், அதனால் புதிய சடங்கும் வேண்டும். போவ், ஏரியல் கபிசோன், இயன் மையர்ஸ் ஆகியோர் வகுத்த நெறிமுறை, எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒருவர் பின் ஒருவராகச் சேர இடம் கொடுத்தது. 2017 நவம்பரில் தொடங்கி 2018 வசந்தம் வரை நீடித்த முதற்கட்டத்தில் 87 பேர் பங்களித்தனர். அவர்களுள் ஆண்ட்ரூ மில்லரும் ரையன் பியர்சும் ஒரு சிறு விமானத்தில் பறந்தபடி, செர்னோபில் அணு உலையிலிருந்து வந்த கதிரியக்கப் பொருளின் சிதைவை அளந்து தற்போக்கு எண்களைப் பெற்றனர். சாப்லிங்குக்கே உரிய இரண்டாம் கட்டத்தில் 90 பேருக்கும் மேல் பங்கேற்றனர். ஆறு பேரை நம்ப வேண்டியிருந்த இடத்தில், இப்போது தொண்ணூறு பேரில் ஒருவராவது நேர்மையானவர் என்று நம்பினால் போதும் என்ற நிலை வந்தது.

2018 ஜூன் இறுதியில் 'ஓவர்விண்டர்' என்ற முதல் வலையமைப்பு மேம்பாடு நடைமுறைக்கு வந்தது. எதிர்கால மேம்பாடுகளைப் பாதுகாப்பாகச் செய்வதற்கான ஆயத்தமே அதன் நோக்கம். அதே மாதத்தில் இசட்கேஷ் அறக்கட்டளை மாண்ட்ரியல் நகரில் தனது முதல் மாநாட்டை நடத்தியது. நாணயம் தொடங்கிச் சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அக்டோபர் 28 அன்று, சாப்லிங் செயலுக்கு வந்தது. கவசச் சான்றுக்கு ஆகும் நேரம் சில நொடிகளாகவும், நினைவகத் தேவை சுமார் 40 மெகாபைட்டாகவும் குறைந்தன. கைப்பேசிப் பணப்பைகள் செய்ய வழி பிறந்தது. மேலும், பணத்தைச் செலவழிக்கும் உரிமையைத் தராமல் கணக்கை மட்டும் காட்டும் பார்வைச் சாவிகளும் மேம்பட்டன. தணிக்கையாளருக்கோ வரி அலுவலருக்கோ தேவைப்படும்போது உரிமையாளரே தன் கணக்கைத் திறந்துகாட்ட இது உதவும்.

சட்டத்தின் பார்வை இடத்துக்கு இடம் மாறுபட்டது. 2018 மே மாதத்தில் நியூயார்க் மாநில நிதிச் சேவைகள் துறை, ஜெமினி பரிமாற்றகம் இசட்கேஷை வணிகம் செய்ய ஒப்புதல் அளித்தது. ஆண்டின் இறுதியில் காயின்பேஸும் இசட்கேஷைச் சேர்த்தது. அதே மே மாதத்தில் ஜப்பானின் காயின்செக், இசட்கேஷ், மொனேரோ உள்ளிட்ட நாணயங்களை நீக்கப்போவதாக அறிவித்து, ஜூனில் நீக்கியது. ஜனவரியில் அப்பரிமாற்றகத்திலிருந்து பெருந்தொகை திருடப்பட்டதற்குப் பின் அங்கு கட்டுப்பாடுகள் இறுகியிருந்தன.

இலண்டன் ஆய்வு

2018 இன் வெளிப்படையான வரலாற்றிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் கப்போஸ், ஹாரூன் யூசஃப், மேரி மாலர், சாரா மெய்க்கில்ஜான் ஆகியோர் இசட்கேஷின் பேரேட்டை ஆராய்ந்து, ஆகஸ்டில் ஒரு பாதுகாப்பியல் மாநாட்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கணிதத்தை உடைக்கவில்லை. பயனர்களின் பழக்கத்தைப் பார்த்தனர். புதிதாக அகழப்பட்ட நாணயங்கள் ஒருமுறையாவது கவசத் தொகுப்பு வழியாகச் செல்ல வேண்டும் என்பது அன்றைய விதி. எனவே அகழ்வோரும் நிறுவனர்களும் பணத்தை உள்ளே போட்டு உடனுக்குடன், அடையாளம் காணத்தக்க ஒரே முறையில் வெளியே எடுத்தனர். இத்தகைய போக்குவரவைக் கழித்தால், ஒருவர் மறைந்து நிற்கக்கூடிய கூட்டம் சுமார் 69 விழுக்காடு சுருங்கிவிடும் என்று அவர்கள் கணித்தனர்.

தனியுரிமை என்பது சூத்திரத்தால் மட்டும் கிடைப்பதில்லை, கூட்டத்தாலும் கிடைப்பது என்பதே இந்த ஆய்வின் பாடம். திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது கடினம். ஆளில்லாத தெருவில் முக்காடு போட்டு நடப்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். கவசப் பரிவர்த்தனையை எளிதாக்கும் சாப்லிங் ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் இதுவே விடை.

மறைந்திருந்த எட்டு மாதங்கள்

2018 மார்ச் 1 அன்று, அப்போது இசட்கேஷ் நிறுவனத்தில் பணியாற்றிய மறையீட்டியலாளர் ஏரியல் கபிசோன், முதல் பதிப்பின் சான்று முறைக்கு அடிப்படையான ஆய்வுக்கட்டுரையில் ஒரு நுட்பமான பிழையைக் கண்டார். பென்-சாசோன், கியேசா, ட்ரோமர், விர்சா ஆகியோர் எழுதிய அக்கட்டுரை, பொது அளவுருக்களை உருவாக்கும் முறையை விவரித்தது. அதில், சான்று செய்வோருக்குத் தேவையே இல்லாத சில கூறுகளும் அளவுருக்களோடு சேர்ந்து வெளிவந்தன. அந்த மிச்சக் கூறுகளைக் கொண்டு ஒரு சரிபார்ப்பைக் கடந்துபோய், ஒரு கூற்றுக்கான சான்றை வேறொரு கூற்றுக்கான சான்றாக மாற்ற முடியும் என்பது தெரிந்தது. நச்சுக் கழிவு எதுவும் தேவையில்லை. இசட்கேஷைப் பொறுத்தவரை இதன் பொருள் ஒன்றுதான்: கவசத் தொகுப்புக்குள் எல்லையின்றிக் கள்ள நாணயம் உருவாக்கலாம்.

இதே கட்டுரையைச் சார்ந்த ஒரு செயலாக்கத்தில் 2015 இல் பிரையன் பார்னோ வேறொரு பிழையைக் கண்டுபிடித்திருந்தார். அது திருத்தப்பட்ட பின்னரும், வல்லுநர்கள் பலர் படித்த பின்னரும், இந்தப் பிழை தப்பியிருந்தது.

பிட்காயினில் 2010 இல் நடந்ததோடு ஒப்பிட்டால் ஆபத்தின் தன்மை விளங்கும். அங்கே கள்ளத் தொகை பேரேட்டில் பளிச்சென்று தெரிந்தது. இங்கே தொகையை மறைப்பதுதான் கவசத்தின் வேலை. கள்ளத் தொகையையும் அது அதே நேர்மையோடு மறைத்துவிடும்.

கபிசோன் உடனே ஷான் போவிடம் தெரிவித்தார். பின்னர் ஜூகோ வில்காக்ஸும், நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த நேதன் வில்காக்ஸும் அறிந்தனர். திருத்தம் முடியும்வரை வேறு எவருக்கும் சொல்வதில்லை என்று நால்வரும் முடிவு செய்தனர். ஏற்கெனவே திட்டமிடப்பட்டிருந்த சாப்லிங் மேம்பாடு வேறொரு சான்று முறையைப் பயன்படுத்தவிருந்தது. பழைய ஸ்ப்ரவுட் பரிவர்த்தனைகளையும் அந்தப் புதிய முறைக்கே மாற்றிவிட்டால் பிழை தானாக நீங்கிவிடும். தனியாக ஒரு அவசரத் திருத்தம் வெளியிட்டால், எங்கே பார்க்க வேண்டும் என்று தாக்குவோருக்குச் சுட்டிக்காட்டியது போலாகும். ஆகவே மருந்து, எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்த மேம்பாட்டுக்குள்ளேயே வைத்துத் தரப்பட்டது.

இன்னொரு நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. பிழையைப் பயன்படுத்தத் தேவையான கூறுகள் 2016 சடங்கின் முழுப் பதிவில் இருந்தன. அந்தப் பதிவு பொதுவெளியிலிருந்து அகற்றப்பட்டது. கேட்டவர்களுக்கு, அது தற்செயலாக அழிந்துவிட்டது என்று காரணம் சொல்லப்பட்டது. சாப்லிங்குக்குப் பின், சடங்கில் பங்கேற்றோரிடமிருந்த வட்டுகளிலிருந்து பதிவு மீட்டெடுக்கப்பட்டு மீண்டும் வெளியிடப்பட்டது.

வெளியீடும் விவாதமும்

அக்டோபர் 28 அன்று சாப்லிங் செயலுக்கு வந்ததோடு இசட்கேஷில் பிழை நீங்கியது. ஆனால் அதன் நிரலைத் தழுவி உருவான வேறு நாணயங்களிலும் அதே பிழை இருந்தது. நவம்பர் 13 அன்று ஹொரைசன், கொமோடோ ஆகிய திட்டங்களுக்கு இரகசியமாகத் தகவல் அனுப்பப்பட்டது. இறுதியாக 2019 பிப்ரவரி 5 அன்று நிறுவனம் முழு விவரத்தையும் வெளியிட்டது. கபிசோன் பிழையை விளக்கும் கட்டுரையையும் வெளியிட்டார்.

யாரும் இப்பிழையைப் பயன்படுத்தியதற்கான தடயம் இல்லை என்று நிறுவனம் கூறியது. அதற்குக் காட்டிய காரணங்கள்: பிழையைக் கண்டுபிடிக்க மிகச் சிலரிடமே உள்ள ஆழ்ந்த அறிவு வேண்டும், பல ஆண்டுகள் எவரும் கண்டதாகத் தெரியவில்லை, கவசத் தொகுப்பின் மொத்தத் தொகையில் வழக்கத்துக்கு மாறான போக்கு இல்லை. இவை நியாயமான காரணங்களே. ஆயினும் பிட்காயின் பேரேட்டைக் கூட்டிப் பார்ப்பது போன்ற உறுதியை இவை தருவதில்லை.

அறிந்ததை மறைத்தது சரியா என்ற கேள்வியும் எழுந்தது. எட்டு மாதங்கள் மக்கள் வாங்கியும் விற்றும் வந்த நாணயத்தில் இப்படி ஒரு குறை இருந்ததை நால்வர் மட்டும் அறிந்திருந்தது, "யாரையும் நம்பத் தேவையில்லை" என்ற பிளாக்செயின் கொள்கைக்கே முரண் என்பது ஒரு தரப்பு. பதிவு அழிந்துவிட்டது என்ற பொய்க் காரணம் அந்த நெருடலைக் கூட்டியது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் முதலில் பயனடைந்திருப்பவர்கள் கள்ளர்களே என்பது மறுதரப்பு. இதற்கு முன்னுதாரணமும் இருந்தது: 2017 இல் மொனேரோ குழு, வரம்பின்றி நாணயம் உருவாக்க வழிவிட்ட ஒரு பிழையை முதலில் அமைதியாகத் திருத்திவிட்டு, மே மாதத்தில்தான் வெளியிட்டது. மென்பொருள் பாதுகாப்புத் துறையில், திருத்தம் பரவிய பின் அறிவிப்பது ஏற்கப்பட்ட வழக்கம்.

சுழல்வாயில்

கேள்வி இன்னும் எஞ்சியிருந்தது. பிழை இருந்த காலத்தில் யாராவது கள்ள நாணயம் உருவாக்கியிருந்தால் என்ன செய்வது? இதற்கான விடை சாப்லிங்கின் வடிவமைப்பில் இருந்தது. ஸ்ப்ரவுட்டின் கவசத் தொகுப்பும் சாப்லிங்கின் கவசத் தொகுப்பும் தனித்தனியானவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பணத்தை மாற்றும்போது, தொகை மட்டும் வெளியே தெரிந்தாக வேண்டும். இந்த ஏற்பாடு சுழல்வாயில் எனப்பட்டது. கோயில் வாசலிலோ இரயில் நிலையத்திலோ உள்ள சுழல்கதவு, போகிறவர் பெயரைக் கேட்காது. தலையை மட்டும் எண்ணும். அதுபோல, தொகுப்புக்குள் மொத்தம் எவ்வளவு சென்றது, எவ்வளவு வெளிவந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே சென்றதைவிட அதிகமாக வெளிவந்தால், உள்ளே கள்ள நாணயம் இருந்தது என்று பொருள்.

பின்னர் வகுக்கப்பட்ட விதி இதை ஒரு படி முன்னெடுத்தது: தொகுப்பின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும் எந்தக் கட்டத்தையும் கணுக்கள் ஏற்காது. இதனால் நாணயத்தின் மொத்த எண்ணிக்கை 2.1 கோடியைத் தாண்டாமல் காக்கப்படுகிறது. ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. கள்ள நாணயம் வைத்திருப்பவர் முதலில் வெளியேறிவிட்டால், கடைசியாக வெளியேற வரும் நேர்மையான உரிமையாளரின் பணம் உள்ளேயே சிக்கிவிடும். மேலும், தொகுப்பிலிருந்து எல்லோரும் வெளியேறும்வரை இந்தக் கணக்கு முழுமையாகாது. 2020 நவம்பரில் வந்த 'கேனப்பி' மேம்பாடு, பழைய ஸ்ப்ரவுட் தொகுப்புக்குள் புதிதாகப் பணம் செல்வதைத் தடை செய்தது.

பிற்கால விளைவுகள்

2018 இன் அனுபவம் இரு திசைகளில் தொடர்ந்தது. முதலாவது, சடங்கே வேண்டாத முறையைத் தேடுவது. 2019 இல் ஷான் போவ், ஜாக் கிரிக், டெய்ரா ஹாப்வுட் ஆகியோர் 'ஹேலோ' என்ற முறையை வெளியிட்டனர். அதன் வளர்ந்த வடிவம் 2022 மே 31 அன்று 'ஆர்ச்சர்ட்', அதாவது பழத்தோட்டம், என்ற புதிய கவசத் தொகுப்பாக இசட்கேஷில் நடைமுறைக்கு வந்தது. இதற்கு இரகசிய எண்களும் இல்லை, அழிக்க வேண்டிய நச்சுக் கழிவும் இல்லை. பழைய தொகுப்புகளுக்கும் இதற்கும் இடையிலும் சுழல்வாயில் உண்டு. ஒவ்வொரு புதிய தலைமுறைக்கும் தனித் தொகுப்பு, ஒவ்வொன்றின் வாசலிலும் எண்ணிக்கை என்பது இசட்கேஷின் நிலையான வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது, இசட்கேஷுக்காக உருவான கருவிகள் வெளியே பரவியது. பிஎல்எஸ்12-381 வளைகோடு பின்னர் எத்தீரியத்தின் புதிய ஒருமிப்பு முறையிலும் ஃபைல்காயினிலும் பயன்பட்டது. பூஜ்ய அறிவுச் சான்று இன்று பணத்தை மறைப்பதற்கு மட்டுமின்றி, ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளைச் சுருக்கி ஒரே சான்றாகச் சரிபார்க்கவும் பயன்படுகிறது.

மதிப்பீடு

ஒரு திட்டம் தன் ஆண்டைத் திரும்பிப் பார்க்கும்போது எண்ணுவது பெரும்பாலும் வெளியே தெரிந்தவற்றைத்தான்: எத்தனை மேம்பாடுகள், எத்தனை நொடி மிச்சம், எத்தனை பரிமாற்றகங்கள். அந்த அளவுகோலில் 2018 இசட்கேஷுக்கு நல்ல ஆண்டு. சாப்லிங் இல்லாமல் கைப்பேசியில் கவசப் பரிவர்த்தனை சாத்தியமாகியிருக்காது. ஆனால் அந்த ஆண்டின் மிக முக்கியமான வேலை அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. சான்றை விரைவாக்க வந்ததாக எல்லோரும் கருதிய அதே மேம்பாடுதான், நாணயத்தின் மதிப்பையே அழித்திருக்கக்கூடிய ஒரு பிழையையும் மூடியது.

இவ்வரலாறு தனியுரிமைக்கு எதிரான வாதம் அன்று. திறந்த பேரேட்டில் கள்ள நாணயம் உடனே தெரியும். ஆனால் ஒவ்வொருவரின் வாழ்வும் சேர்ந்தே தெரியும். கவசப் பேரேட்டில் வாழ்வு மறையும். பிழையும் அதோடு மறையக்கூடும். இசட்கேஷ் கண்டது இடைவழி: தனிமனிதரின் தொகையை மறை, தொகுப்பின் மொத்தத்தை மறைக்காதே. ஒருவர் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, ஊரில் உள்ள காசு பெருகிவிடவில்லை என்று உறுதிசெய்யும் முறை அது. அம்முறை முழுமையானதல்ல. எனினும் கணிதச் சான்றில் பிழை இருக்கலாம் என்பதை முன்கூட்டியே எண்ணி, அப்பிழையின் சேதத்துக்கு ஓர் எல்லை வகுத்தது. பின்வந்த தனியுரிமைத் திட்டங்கள் இசட்கேஷிடமிருந்து கற்றுக்கொள்ளத்தக்க முதன்மையான பாடம் இதுவே.